கடல் இல்லை என்று எழுதிய நாள்

பக்கத்தில் வந்து உட்காருங்கள், மக்களே. மடியில் பிள்ளை வைத்திருப்பவர்கள் சுவரோரமாகச் சாய்ந்துகொள்ளுங்கள். இன்றைக்குக் காற்றைப் பற்றி ஒரு கதை சொல்லப்போகிறேன். இன்னும் நடக்காத கதை. நடக்காமலே போய்விட்டால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கமாட்டார்கள்.

இராயப்பன்துறை என்று ஒரு கடற்கரை ஊர். டீசல் தீர்ந்துபோய், வள்ளங்கள் எல்லாம் மறுபடியும் பாய் கட்டிக்கொண்ட காலம். பேட்டரி மோட்டார் வைத்த வள்ளம் ஊரில் இரண்டு உண்டு. இரண்டும் எங்கேயோ துறைமுகத்தில் வாடகைக்கு ஓடின. மற்றவர்களுக்குப் பாய்தான், துடுப்புதான்.

பாய் கட்டினால் போதுமா, காற்று வேண்டாமா? கரையிலிருந்து நாலு மைல் தள்ளிக் கடலுக்குள் காற்றாலைகள் நின்றன. ஒரு வரிசை இரண்டு வரிசை என்றால் பரவாயில்லை. நாலாவது மைலில் தொடங்கி, கண்ணுக்கு எட்டாத தூரம் வரைக்கும் அறுபது வரிசை. ஊர்க்காரர்கள் அவற்றைக் காத்தாடி என்பார்கள். மத்தியானத்துக்கு மேல் ஆழ்கடலிலிருந்து கரையைப் பார்த்துக் கிளம்பும் காற்றை ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிட, கடைசியில் கரைக்கு வந்து சேர்வது கொடியில் காயும் துணியை அசைக்கக்கூடக் காணாது. இரவில் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் கரைக்காற்று மட்டும் யாரும் தொடாமல் மிஞ்சியிருந்தது. ஆகவே போவதற்கு வழி இருந்தது. திரும்பத்தான் வழியில்லை.

இதை எதிர்த்து ஊர் முழுக்க இடுப்பளவு தண்ணீரில் நின்று போராடியது. கம்பெனி சமாதானம் பேச ஒரு இன்ஜினியர் பெண்ணை அனுப்பியது. தமயந்தி என்று பெயர். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கோவில் முற்றத்தில் வைத்து அவள் விளக்கம் சொன்னாள். முன்வரிசையில் சந்தியாகு உட்கார்ந்திருந்தார். நம் கதையில் வரும் கித்தேரிக்கு அவர் மாமனார்.

"காத்து இலையைத் தள்ளும். இலை சுத்தினா உள்ள ஒரு தண்டு சுத்தும். தண்டோட கோடியில காந்தம் இருக்கு, அதைச் சுத்திச் செம்புக் கம்பிச் சுருள் இருக்கு. கம்பிக்கு நடுவுல காந்தம் ஓடினா கம்பியில மின்சாரம் ஓடும். அவ்வளவுதாங்க ஐயா. நாங்க காத்தை ஒண்ணும் பண்ணலை. காத்து அது பாட்டுக்குப் போயிடும்."

"போறது சரி," என்றார் சந்தியாகு. "வந்த வேகத்துலயா போவுது?"

தமயந்தி கொஞ்சம் தயங்கினாள். பொய் சொல்லத் தெரியாத பெண். "இல்லைங்க. அந்த வேகத்தைத்தான் நாங்க மின்சாரமா எடுக்கிறோம்."

"அப்பம் எடுத்தது எங்க பாயோட வேகம்லா?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. சந்தியாகு சிரிக்கவில்லை. "எனக்கு ஒரு சந்தேகம் பிள்ள. எங்க வீட்டு ஃபேனுலயும் காந்தமும் கம்பியுந்தான இருக்கு? அதுல கறண்டு விட்டா காத்து வருது. ஒன் காத்தாடியில கறண்டு விட்டா என்ன வரும்?"

தமயந்தி சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். நோட்டை எடுத்து ஏதோ கணக்குப் போட்டாள்.

அப்படிப் பிறந்ததுதான் திருப்புக்காற்று. அறுபது வரிசைக்கும் சொந்தக்காரர்கள் வேறு வேறு ஆட்கள், அவர்கள் யாரும் அசையவில்லை. கரைக்குப் பக்கமான கடைசி வரிசைக்காரன், அதாவது தமயந்தியின் கம்பெனிக்காரன், மட்டும் வழக்கில் மாட்டிக்கொண்டு ஒப்பந்தத்துக்கு வந்தான். தினமும் மூன்று மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் அந்த வரிசையின் நாற்பது காத்தாடிகளும் மின்சாரத்தைக் கொடுக்காமல் வாங்கிக்கொள்ளும். இலைகளைத் திருப்பி வைத்துக்கொண்டு, விசிறியாகச் சுற்றிக் கரைப்பக்கம் ஊதும். வள்ளங்கள் பாய் விரித்து வீடு வந்து சேரும். இரண்டு மணிக்கே காத்தாடிக் கம்பங்களின் உச்சியில் விளக்குப் போடுவார்கள். பச்சை என்றால் காற்று உண்டு. சிவப்பு என்றால் இல்லை.

ஒரே ஒரு நிபந்தனை. கடலில் யாரும் இல்லாத நாளில் காற்று கிடையாது. அந்த ஒரு மணி நேர மின்சாரத்தைக் கம்பெனி விற்றுக்கொள்ளும். அதனால் கடலுக்குப் போகிறார்களா இல்லையா என்று ஊர் தினமும் எழுதி அனுப்பவேண்டும். பதினைந்து வருடமாக எழுதியது கித்தேரி. கையடக்கக் கருவி ஒன்று கொடுத்திருந்தார்கள். யார் வள்ளம், எத்தனை ஆள், எப்போது போனது என்று அதில் தட்டிவிடுவாள். ஒரு நாள் கூடத் தவறியதில்லை. அவள் எழுதினால்தான் காற்று வரும் என்று ஊரில் கேலி செய்வார்கள். "காத்துக்காரி" என்று பட்டப்பெயர்.

இனிக் கதைக்கு வருகிறேன்.

சித்திரை முடிந்து வைகாசி பிறந்த சமயம். வெயில் நாற்பத்தேழு. அரசாங்கம் வெப்ப நெருக்கடி அறிவித்திருந்தது. அப்படிப்பட்ட நாட்களில் மாலை ஆறு மணியோடு ஊருக்கு மின்சாரம் நின்றுவிடும். முந்தின நாள் சாயங்காலம் பதினோரு வள்ளங்கள் கடலுக்குப் போயின. அதில் ஒன்று கித்தேரியின் புருஷன் இன்னாசியுடையது.

விடிவதற்குள் சந்தியாகு இறந்துபோனார். தண்ணீர் கேட்டார், கித்தேரி கொண்டுவந்து கொடுத்தாள், பாதி குடித்தார், மீதியைக் கையில் பிடித்தபடியே போய்விட்டார். அந்தத் தம்ளரை அவர் விரலிலிருந்து எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கோவிலில் துக்கமணி அடித்தது. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்தால் அன்று யாரும் கடலில் கால் வைக்கமாட்டார்கள். சின்னப் பிள்ளை செத்தாலும் அதுதான், பெரியவர் செத்தாலும் அதுதான். கரைக்குப் போய்ச் சொல்லக்கூட வேண்டாம், மணி கேட்டாலே வலையைச் சுருட்டிவிடுவார்கள். மணி அடித்ததும் கித்தேரியின் முதல் வேலை, கருவியை எடுத்து அன்றைய பக்கத்தில் "கடல் இல்லை" என்று தட்டுவது. எத்தனை சாவுக்குத் தட்டியிருப்பாள். அன்றும் தட்டினாள். ஒரு கையால் மாமனாரின் கண்ணை மூடி, மறு கையால் தட்டினாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விரலுக்குத் தெரிந்த வேலை அது. மனசு அங்கே இல்லை.

குளிர்பெட்டி வந்தது. பந்தல் போட்டார்கள். பெண்கள் வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். பங்குச்சாமி வந்து ஜெபம் சொல்லி, ஐந்தரைக்கு அடக்கம் என்று குறித்தார். ஆறு மணிக்குப் பெட்டிக்கு மின்சாரம் நின்றுவிடும், அந்த வெயிலில் பிறகு தாங்காது. "இன்னாசி மூணரை நாலுக்கு வந்திருவான்லா?" என்று கேட்டார். வந்துவிடுவான் என்றாள் கித்தேரி. ஒரே மகன். முதல் பிடி மண் அவன் போடவேண்டியது. அப்பாவின் முகத்தை ஒரு தடவை பார்க்கவேண்டியது. வரிசைக்குப் பக்கத்தில் கைப்பேசி எடுக்காது. அவனுக்கு இன்னும் சேதி தெரியாது. வள்ளத்தை விட்டு இறங்கும்போது அவனிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அன்று காலை முழுக்க அவளுடைய கவலை.

இரண்டே கால் மணிக்கு அமலி கடற்கரையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள். அவள் புருஷனும் கடலில்தான் இருந்தான்.

"ஏட்டி கித்தேரி, வெளக்கு செவப்பால்லா எரியுது."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கைப்பேசியை எடுத்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே தமயந்தியைக் கூப்பிட்டாள். தமயந்திக்கு இப்போது நாற்பது வயது, கட்டுப்பாட்டு அறைக்கே அவள்தான் பொறுப்பு.

"அக்கா, சொல்லுங்க. ஐயா போயிட்டாருன்னு இப்பத்தான் கேள்விப்பட்டேன்."

"வெளக்கு செவப்பா இருக்கு, எம்மா."

"நீங்கதான கடல் இல்லைன்னு போட்டிருக்கீங்க?"

"இன்னைக்குப் போறதுக்குத்தான் இல்ல. நேத்துப் போனவுக வரண்டாமா? பதினோரு வள்ளம் உள்ள கெடக்கு. முப்பத்து மூணு ஆளு."

அந்தப் பக்கம் தட்டச்சு சத்தம் கேட்டது. 

"அவங்க நேத்துப் பக்கத்துல இருக்காங்க. இன்னைக்குப் பக்கத்தை நீங்க மூடினதும் எல்லாரும் கரையில இருக்கிறதா கம்ப்யூட்டர் எடுத்துக்கிச்சு."

"இதுக்கு முந்தி எத்தனை சாவுக்குப் போட்டிருக்கேன். ஒரு தடவ கூட இப்படி ஆகலையே."

"முந்தியெல்லாம் நான் படிச்சேன் அக்கா. நீங்க கடல் இல்லைன்னு அனுப்பினா, நேத்துப் போனவங்க வந்தாச்சான்னு உங்களுக்கு நான் போன் பண்ணிக் கேப்பேன், ஞாபகம் இருக்கா? போன மாசத்துலருந்து கம்ப்யூட்டரே படிக்குது. அது சொல்றதைக் கேக்கிற வேலைதான் இப்ப எனக்கு."

"சரி. இப்பம் மாத்தி எழுதுதேன். கடல் உண்டுன்னு."

"எழுதலாம். நாளைக்குத்தான் எடுத்துக்கும். இன்னைக்கு அந்த ஒரு மணி நேரத்தைக் காலையில எட்டு மணிக்கே வித்தாச்சு."

"யாருக்கு?"

"நகரத்துக் குளிர்க்கூடத்துக்கு. வெயில் தாங்காதவங்களை அங்க கொண்டுவந்து படுக்க வச்சிருக்காங்க. வயசானவங்க, பிள்ளை பெத்தவங்க. நாலாயிரம் பேர் இருக்காங்க அக்கா. நான் அதுலருந்து பிடுங்கினா…"

"வேண்டாம்," என்றாள் கித்தேரி.

ஏதாவது கல்யாண மண்டபத்துக்கோ கடைவீதிக்கோ விற்றிருந்தால் வாய் நிறைய வைதிருக்கலாம். வைவதற்கும் ஆள் இல்லாமல் போயிற்று.

"ஆபத்துன்னு கேட்டா தனியாக் கொஞ்சம் குடுப்பாங்க," என்றாள் தமயந்தி. "கேட்டுப் பார்த்துட்டேன். காமிரா பதினோரு வள்ளத்தையும் பார்த்துட்டு, கடல் அமைதி, வள்ளம் பத்திரம்னு சொல்லுது."

"அந்த அமைதிதானே எங்களுக்கு ஆபத்து. தண்ணி ஓட்டம், நீவாடு, கெழக்க இழுக்குது. துடுப்புப் போட்டா நின்ன எடத்துல நிக்கலாம், அம்புட்டுத்தான்."

"எனக்குத் தெரியுது அக்கா. அதுக்குத் தெரியலை. ரோந்துப் படகும் நாளைக்குக் காலையிலதான்."

 தமயந்தி மறுபடியும் எதையோ தட்டிப் பார்த்தாள்.

"ஒரே ஒரு வழி இருக்கு. உங்க ஊர்ப் பங்கு மின்சாரம் ஆறு மணி வரைக்கும் வரணுமில்ல, அதை ஊர் விட்டுக்குடுத்தா நான் திருப்பிவிடலாம். கம்ப்யூட்டர் அதைத் தடுக்காது, அது உங்களோடது. ஆனா நாப்பது காத்தாடிக்குப் பத்தாது. ஒண்ணே ஒண்ணு சுத்தும். முக்கால் மணி நேரம். அதுக்கு நேர் முன்னால இருக்கிற வள்ளம் ஒண்ணுதான் நீவாட்டைத் தாண்டும், மிச்சத்தைத் துடுப்புப் போட்டு வந்துரலாம். எந்தக் காத்தாடின்னு நீங்க சொல்லணும்."

இன்னாசி எப்போதும் இருபத்து மூன்றாம் கம்பத்துக்கு நேரே வலை போடுவான். அது ஊருக்கே தெரியும்.

கித்தேரி கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தாள். ஊர் மின்சாரத்தை விட்டுக்கொடுத்தால் முதலில் நிற்பது அதுதான். மூன்று மணி வெயிலில், தகரப் பந்தலில், ஐந்தரை வரைக்கும்.

விஷயம் பந்தலுக்குள் பரவியது. முதலில் பேசியவள் அமலிதான்.

"கறண்டு ஊரோடது. வள்ளம் மட்டும் ஒம்புருசன் வள்ளமா? ஒன் ஒரு விரலால முப்பத்து மூணு பேரு கடல்ல கெடக்கான்."

"அது சரிதான்," என்றாள் கித்தேரி. "நீ சொல்லு. எந்தக் கம்பம்னு நீ சொன்னா அதையே நான் சொல்லுதேன்."

அமலி வாயைத் திறந்தாள். தன் புருஷன் கிடக்கும் கம்பத்தின் எண் அவள் நாக்கில் இருந்தது, எல்லாருக்கும் தெரிந்தது. அவள் பெட்டிக்குள் கிடந்தவரைப் பார்த்தாள். அவர் கேட்ட கேள்வியால்தானே பதினைந்து வருடம் வள்ளங்கள் வீடு வந்தன.

"இருவத்தி மூணே சொல்லு," என்றாள். "செத்த மனுசனுக்கு மகன் வரட்டும். எனக்குள்ளது நாளைக்கு வந்து என்னை ஏசட்டும். சாமி, நீங்க என்ன சொல்லுதிய?"

பங்குச்சாமி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நான் சொல்ல என்னம்மா இருக்கு. அவரு கேட்டா, என்னைய அணைச்சிட்டு அவனைக் கூப்பிடுன்னுதான் சொல்லுவாரு."

வீடு வீடாகப் போய் மெயினை இறக்கினார்கள். நோயாளி இருக்கிற வீடுகளிலும் ஓலைவிசிறியை எடுத்துக்கொண்டு சரி என்றார்கள். பெட்டியின் சத்தம் நின்றபோது பந்தலே செவிடானது போல இருந்தது. பெண்கள் ஈரத்துணி நனைத்துக் கண்ணாடி மேல் போட்டார்கள். அது காயக் காய மறுபடி நனைத்தார்கள்.

மூன்று மணிக்கு ஊர் கடற்கரையில் நின்றது. தூரத்தில் நாற்பது காத்தாடிகளும் காற்றைத் தின்றபடி சுற்றிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று மட்டும் மெல்ல நின்றது. இலைகளை விளிம்பு மாற்றித் திருப்பிக்கொண்டது. கொஞ்ச நேரம் யோசிப்பது போல நின்று, பிறகு எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. கரையில் யாரும் கைதட்டவில்லை. ஒரு நிமிடம் போனால் ஒரு நிமிடக் காற்று குறைகிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

மூன்றே காலுக்கு ஒரு பாய் தெரிந்தது. நீலமும் மஞ்சளும். இன்னாசியின் வள்ளம்தான். கித்தேரி சேலை முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். பாய் வளர்ந்துகொண்டே வந்தது. மூன்றே முக்காலுக்கு அது தொய்ந்து விழுந்தது. மின்சாரம் தீர்ந்துவிட்டது. துடுப்புகள் இறங்கின. அதன் பிறகு ஒவ்வொரு முழமும் ஒரு மணி நேரம் மாதிரி இருந்தது.

ஐந்து மணிக்கு வள்ளம் மணலில் முட்டியது.

தொம்மை குதித்தான், ரோக்கு குதித்தான். இரண்டு பேரும் இன்னாசியின் கூட்டாளிகள். பாய்த்துணியில் சுருட்டி ஒரு ஆளைத் தூக்கி இறக்கினார்கள். கித்தேரி பக்கத்தில் போனாள். அது கஸ்பார். அடுத்த வள்ளத்து ஆள். பெண்டாட்டி பிள்ளை கிடையாது, ஐம்பது வயது, தனிக்கட்டை. கரையில் அவனுக்காக நிற்க யாரும் இல்லாததால், அன்று முழுக்க அவன் பெயர் யார் வாயிலும் வரவில்லை. வெயில் தாக்கி வாயில் நுரை காய்ந்து கிடந்தான். மார்பு மட்டும் ஏறி இறங்கியது.

"காலையில பிடிச்சு இப்படித்தான் மதினி," என்றான் தொம்மை. அவனுக்கு மூச்சு வாங்கியது. "பாய்க்கு அடியில நிழல்ல போட்டிருந்தோம். செவப்பு வெளக்கப் பாத்ததும் செத்தான்னு நெனச்சோம். அப்பந்தான் இந்த ஒண்ணு மட்டும் சுத்துச்சு. இவனைப் பாத்துத்தான் காத்து விட்டிருக்காவ. அந்தக் கம்பெனிக்காரனுக்கும் கண்ணு இருக்கு பாத்துக்கிடுங்க."

"அவுக எங்க?" என்றாள் கித்தேரி.

"இவனை எடுத்துட்டா அந்த வள்ளத்துல ரெண்டு பேருதான. நீவாட்டுல ரெண்டு பேரு துடுப்புப் போட்டு நிப்பாட்ட முடியுமா? அண்ணன்தான், நான் அங்க ஏறிக்கிடுதேன், நீங்க இவனைக் கொண்டு போங்கன்னு மாறி ஏறிட்டாவ. எனக்குக் காத்து நாளைக்குக் கெடைக்கும், இவனுக்கு நாளைக்கு இல்லைன்னு சொன்னாவ."

கஸ்பாரைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினார்கள். தொம்மை முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு இன்னும் சொன்னான்.

"அண்ணன் அவுக அப்பாட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாவ மதினி. சூரை மீனு நல்லாப் பட்டிருக்காம். நாளைக்கு வந்திருவாவளாம். நேத்துக் கிளம்பும்போது தான் ஏசினதை மனசுல வச்சுக்கிட்டுச் சாப்பிடாமக் கெடக்க வேண்டாம்னு சொல்லச் சொன்னாவ. 'நான்தான் வாயி கூடுதலாப் பேசிட்டேன்னு சொல்லு'ன்னாவ."

சொல்லி முடித்த பிறகுதான் அவன் சுற்றிப் பார்த்தான். அத்தனை பேரும் ஏன் கரையில் நிற்கிறார்கள், சாமி ஏன் அங்கியோடு நிற்கிறார் என்பது அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது.  அவன் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

ஐந்தரைக்கு மேல் வைக்க முடியாது. சாமி கித்தேரியைப் பார்த்தார். அவள் பந்தலுக்கு நடந்தாள். கண்ணாடி மேல் கிடந்த ஈரத்துணியை எடுத்தாள், மூடியைத் தூக்கச் சொன்னாள். உள்ளே குளிர் எல்லாம் போயிருந்தது. அவள் குனிந்து மாமனாரின் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள்.

"மாமா, சூரை நல்லாப் பட்டிருக்காம்," என்றாள். "நாளைக்கு வந்திருவாவளாம். சாப்பிடாமக் கெடக்க வேண்டாமாம்." அவர் நெற்றியில் இருந்த ஈரத்தைத் துடைத்தாள். "அவுகதான் வாயி கூடுதலாப் பேசிட்டாவளாம்."

பிறகு நிமிர்ந்து, மூடலாம் என்று தலையை அசைத்தாள். கல்லறையில் முதல் பிடி மண்ணை அவளே போட்டாள்.

கதை இவ்வளவுதான், மக்களே. தூங்கிப்போன பிள்ளைகளை மெதுவாகத் தூக்கிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுச் சன்னலுக்குக் காற்று யாரிடமும் கேட்காமல் வரட்டும், யாரிடமும் சொல்லாமல் போகட்டும். வெளியே போனவர்கள் விளக்கு வைக்குமுன் திரும்பட்டும். கோபத்தில் ஒரு சொல் கூடிப்போயிருந்தால், அதை எடுத்துக்கொள்ள, கேட்கிற காது இருக்கும்போதே உங்களுக்கு நேரம் கிடைக்கட்டும்.